தோற்றவர்கள் கலையவில்லை: வர்ஜீனியா கூடைப்பந்து அணியின் 2018-19 சீசன்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. ஆனால் எல்லோரும் காத்திருப்பது மார்ச் மாதத்துக்குத்தான். 68 அணிகள் மோதும் தேசியத் தொடர் அப்போது நடக்கும். ஒரே ஒரு தோல்வி போதும், சீசன் முடிந்துவிடும். அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தரநிலை கொடுப்பார்கள். 1-ஆம் நிலை அணி முதல் சுற்றில் 16-ஆம் நிலை அணியைச் சந்திக்கும். நடைமுறையில் இது பெரிய அணிக்கு ஒரு பயிற்சி ஆட்டம் மாதிரி. 1985-இல் 64 அணி அமைப்பு வந்த பிறகு ஆண்கள் பிரிவில் இப்படி 135 ஆட்டங்கள் நடந்து, 135-லும் 1-ஆம் நிலை அணிதான் வென்றிருந்தது.

2018 மார்ச் 16 அன்று நடந்தது 136-ஆவது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் அதில் 54-74 என்று தோற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று அதே அணி தேசியச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அதே டோனி பென்னட். முக்கிய வீரர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

இந்தக் கதையை வழக்கமாக "விழுந்தவர்கள் எழுந்தார்கள்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே இருந்த ஓராண்டில் உண்மையில் என்ன மாறியது, எது மாறவில்லை, எது வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்த்தால் விளையாட்டை நேசிக்கிறவர்களுக்கு நிறையக் கிடைக்கும்.

சார்லட் இரவு

முதலில் அந்தத் தோல்வி. வர்ஜீனியா அந்த ஆண்டு சாதாரண 1-ஆம் நிலை அணி இல்லை. 68 அணிகளுக்கும் தலைமை இடத்தில் வைக்கப்பட்ட அணி. அதுவரை 31 வெற்றி, 2 தோல்வி. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கடினமான பிரிவில் 17-1 என்று முதலிடம், அதன் கோப்பையும் கையில். எதிரே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணி, சுருக்கமாக யூஎம்பிசி. சதுரங்க அணிக்காகப் பெயர் பெற்ற கல்லூரி அது. வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் இடைவேளை வரை 21-21. பிற்பாதியில் மட்டும் யூஎம்பிசி 53 புள்ளிகள் எடுத்தது. ஜெய்ரஸ் லைல்ஸ் 28 புள்ளிகள். நாட்டிலேயே எதிரணிக்கு மிகக் குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த தற்காப்பு அது. ஒரு பாதிக்குள் 53 என்பது அவர்களுக்குக் கனவில்கூட வராத எண்.

காரணம் புரிய வேண்டுமானால் வர்ஜீனியா ஆடும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டோனி பென்னட்டின் அப்பா டிக் பென்னட்டும் பயிற்சியாளர். விஸ்கான்சின் அணியை 2000-இல் தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக ஆக்கியவர். அவர் உருவாக்கிய தற்காப்புக்குப் பெயர் பேக் லைன். வளையத்திலிருந்து ஏறக்குறைய 16 அடியில், களத்தில் வரையப்படாத ஒரு வளைகோடு இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் வெளியே வந்து நெருக்குவார். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்பார்கள். யாராவது உள்ளே புக முயன்றால் எதிரே ஒரு சுவர் இருக்கும். பந்து வேறு ஆளுக்குப் போனால், அந்த ஆளுக்கு உரியவர் கைகளை உயர்த்தியபடி ஓடி வந்து மறைப்பார். வளையத்துக்கு அருகில் எளிதான கூடை எதுவும் கிடையாது. வேண்டுமானால் தூரத்திலிருந்து எறிந்துகொள் என்பதுதான் இதன் கணக்கு.

இதோடு சேர்ந்தது வேகம். தாக்குதலில் வர்ஜீனியா அவசரமே படாது. நல்ல வாய்ப்பு வரும்வரை பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பும். ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் பந்து கைக்கு வரும் தடவைகள் அறுபதைத் தாண்டுவதே அரிது. மற்ற அணிகளின் ஆட்டத்தில் இது எழுபதைத் தொடும்.

இந்த இரண்டும் சேர்ந்தால் முன்னணியில் இருக்கும்போது அசைக்க முடியாது. பின்தங்கினால் அதே முறை கழுத்தைப் பிடிக்கும். வாய்ப்புகள் குறைவாக இருக்கும் ஆட்டத்தில் பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் உதவ இடம் அதிகம். அன்று யூஎம்பிசி தூரத்திலிருந்து எறிந்த 24 மூன்று புள்ளி வீச்சுகளில் 12 உள்ளே போயின. வர்ஜீனியா எறிந்த 22-இல் 4. பத்து புள்ளி, பதினைந்து புள்ளி என்று இடைவெளி விரிய விரிய, துரத்திப் பிடிக்கும் ஆட்டம் இவர்களிடம் இல்லை என்பது வெளிச்சமானது. போதாக்குறைக்கு, உயரமும் வேகமும் சேர்ந்த ஒரே ஆளான டிஆண்ட்ரே ஹன்டர் இடது மணிக்கட்டு உடைந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் இருந்திருந்தால் தோற்றிருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். இருபது புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு ஆள் விளக்கமாக முடியாது என்பது என் கருத்து. ஆனால் அவர் இல்லாதது அணியின் ஒரு உண்மையான ஓட்டையைக் காட்டியது: தனியாக ஒரு கூடையை உருவாக்கித் தரும் ஆட்கள் போதவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று யூஎம்பிசிக்குப் பயிற்சியாளர் ரயன் ஓடம். அவருடைய அப்பா டேவ் ஓடம் முன்பு வர்ஜீனியாவில் உதவிப் பயிற்சியாளர். சிறுவயதில் ரயன் அதே அணிக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தவர். 2025 மார்ச்சில் வர்ஜீனியா தன் புதிய தலைமைப் பயிற்சியாளராக அவரையே அமர்த்தியது.

கோடைகாலம்

தோற்ற இரவில் பென்னட் சாக்கு எதுவும் சொல்லவில்லை. எல்லா விதத்திலும் எதிரணி நம்மைவிட நன்றாக ஆடியது என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர் மனைவி ஒரு காணொளியை அனுப்பினார். டொனால்ட் டேவிஸ் என்ற கதைசொல்லியின் உரை அது. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால், வேறு எந்த வழியிலும் போக முடியாத ஓர் இடத்துக்கு அது நமக்குப் பயணச்சீட்டு வாங்கித் தரும் என்பது அதன் சாரம். பென்னட் அதை வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆண்டு முழுக்க அணியில் அந்தப் பேச்சு இருந்தது.

கைல் கை என்ற வீரரின் விஷயம் இன்னும் நெருக்கமானது. அந்தத் தோல்விக்குப் பிறகு தனக்கு வந்த மிரட்டல்களையும், தான் மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதையும் அவர் வெளிப்படையாக எழுதினார். இருபது வயதுப் பையன். தோல்வி நேரத்தில் தான் குனிந்து நிற்கும் படத்தையே கைபேசித் திரையில் வைத்துக்கொண்டார். மறக்காமல் இருப்பதற்காகத்தான். சீசன் முழுக்க எந்த ஊருக்குப் போனாலும் செய்தியாளர்கள் முதல் கேள்வியாக யூஎம்பிசியைத்தான் கேட்டார்கள். அவரும் சக வீரர் டை ஜெரோமும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரையே உச்சரிக்கக் கூடாது என்று அணிக்குள் ஒரு விதி போட்டிருந்தால், அடுத்த மார்ச்சில் முதல் ஆட்டத்திலேயே அது பூதமாக எழுந்து வந்திருக்கும்.

இதைவிடவும் முக்கியமான ஒன்று நடந்தது, அல்லது நடக்கவில்லை. படிப்பு முடித்துப் போனவர்களைத் தவிர, முக்கிய வீரர்கள் யாரும் கிளம்பவில்லை. ஹன்டர் அப்போதே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போயிருக்க முடியும். போகாமல் திரும்பி வந்தார். கைல் கை, டை ஜெரோம், கினி நாட்டிலிருந்து வந்த மமாடி டியாகிடே, நியூசிலாந்துக்காரர் ஜாக் சால்ட் எல்லோரும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு கல்லூரியிலிருந்து வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியும் இருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விதி மட்டுமே ஓர் அணியை ஒட்டவைக்காது.

மாறியது என்ன

தற்காப்பில் பென்னட் கை வைக்கவில்லை. இதில்தான் அவருடைய தெளிவு தெரிகிறது. பெரிய தோல்விக்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்ப்பதுதான் பயிற்சியாளர்களின் முதல் ஆசை. அவரோ உடைந்த இடத்தை மட்டும் பார்த்தார்.

உடைந்தது தாக்குதல். பழைய முறையில் இரண்டு உயரமான ஆட்கள் தடை வைப்பார்கள், அதாவது எதிரணிக் காவலரின் வழியை மறித்து அசையாமல் நிற்பார்கள். மற்ற மூவர் அந்தத் தடைகளைச் சுற்றி ஓடி, பந்து வாங்கி எறிவார்கள். அழகாக இருக்கும், ஆனால் வளையத்தை நோக்கிப் பாய்வது குறைவு. 2018-19-இல் பந்து வைத்திருப்பவருக்கே தடை வைத்து, அவர் உள்ளே புகுந்து, பந்தை அடுத்த பக்கம் தள்ளி, அங்கே மறுபடி தடை வைக்கும் முறை அதிகமானது. இதற்குப் பந்தைக் கையாளத் தெரிந்த ஆட்கள் கூடுதலாக வேண்டும். ஜெரோமின் பாரத்தைக் குறைக்க கிஹெய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவர் வந்தார். உயரம் 5 அடி 9 அங்குலம். பெரிய கல்லூரிகள் பெரிதாகத் தேடி வராத கலிபோர்னியாப் பையன். எதிரணி பந்தை எடுத்து வரும்போது முழுக்களத்திலும் அவர் கூடவே ஒட்டிக்கொண்டு வருவார். அலபாமாவிலிருந்து மாறி வந்த ப்ராக்ஸ்டன் கீக்கு ஓராண்டுக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு அவர் பெரிய துணை.

விளைவு? கென் பொமராயின் புகழ்பெற்ற புள்ளியியல் பட்டியலில் அந்த சீசன் முடிவில் வர்ஜீனியா தாக்குதலில் 2-ஆம் இடம், தற்காப்பில் 5-ஆம் இடம். வேகத்தில் 353 அணிகளில் 353-ஆவது. நாட்டிலேயே மிக மெதுவான அணி நாட்டின் இரண்டாவது சிறந்த தாக்குதலை வைத்திருந்தது. "மெதுவாக ஆடினால் மார்ச்சில் ஜெயிக்க முடியாது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். வேகம் ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பந்து கையில் வரும் அறுபது தடவைகளில் எத்தனை தடவை கூடை விழுகிறது என்பதுதான் பெரிய பிரச்சினை. பென்னட் அதைத்தான் சரி செய்தார்.

வழக்கமான சீசனை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் 16 ஆட்டங்களிலும் வெற்றி. பஹாமாஸில் நடந்த தொடரில் விஸ்கான்சினை 53-46 என்று வென்று கோப்பை. பிரிவில் 16-2, வட கரோலினாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது.

அதே பிரிவைச் சேர்ந்த டியூக் பல்கலைக்கழகத்துடன் நடந்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் சற்று நிற்கலாம். அந்த ஆண்டு டியூக்கில் சயன் வில்லியம்சன், ஆர்.ஜே. பாரெட் என்ற இரண்டு நட்சத்திர வீரர்கள் இருந்தார்கள். ஜனவரி 19-இல் டியூக்கின் சொந்தக் களத்தில் அவர்கள் இருவரும் உள்ளே புகுந்து புகுந்து எடுத்தார்கள். தூர வீச்சு அன்று டியூக்குக்குச் சரியாக விழவேயில்லை. ஆனாலும் வர்ஜீனியா 70-72 என்று தோற்றது. மூன்று வாரம் கழித்து வர்ஜீனியாவின் சொந்த ஊரான சார்லட்ஸ்வில்லில், உள்ளே போகும் வழியை அடைத்தார்கள். டியூக் வெளியே நின்றே 21 மூன்று புள்ளி வீச்சுகளில் 13-ஐப் போட்டு 81-71 என்று வென்றது. பேக் லைன் தற்காப்பின் பலமும் விலையும் இந்த இரண்டு ஸ்கோர்களிலும் அப்படியே தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த ஆட்டம்தான். சொந்த ஊரில் தோற்ற இரண்டே நாளில் சாப்பல் ஹில் போய் வட கரோலினாவை 69-61 என்று வென்றார்கள். பிரிவுக் கோப்பையின் அரையிறுதியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 59-69 தோல்வி. சீசன் முழுக்க அவ்வளவுதான், மூன்று தோல்விகள்.

மறுபடியும் 16-ஆம் நிலை அணி

மார்ச் 22, தென் கரோலினாவின் கொலம்பியா நகரம். வர்ஜீனியா மீண்டும் 1-ஆம் நிலை. எதிரே கார்ட்னர்-வெப் என்ற சிறிய கல்லூரி. முற்பாதியில் கார்ட்னர்-வெப் 30-16 என்று முன்னே போய்விட்டது. பதினாலு புள்ளி! அரங்கத்தில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தார்கள். வீரர்களும் நினைத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

வித்தியாசம் இங்கே தெரிந்தது. இடைவேளைக்குள் இடைவெளி 6 ஆகக் குறைந்தது. பிற்பாதியில் டியாகிடேயை அதிகம் நம்பி, வேகமான ஆட்களை வைத்து ஆடினார்கள். ஹன்டர் 23, டியாகிடே 17. முடிவு 71-56. முந்தைய ஆண்டு இல்லாத துரத்தும் ஆட்டம் இப்போது கையில் இருந்தது. ஹன்டரும் இருந்தார். அடுத்து ஓக்லஹோமாவை 63-51, ஓரிகனை 53-49. ஓரிகன் ஆட்டம் பார்க்க அழகில்லாத, மூச்சுமுட்டும் ஆட்டம். ஆனால் வென்றார்கள்.

பர்டூ

மார்ச் 30, லூயிவில். கடைசி நான்கில் இடம் பிடிக்கும் ஆட்டம். நான் பார்த்த கல்லூரி ஆட்டங்களில் இதற்கு இணையாக வைக்கக்கூடியது மிகக் குறைவு. பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் எடுத்தார், அதில் 10 மூன்று புள்ளி வீச்சுகள். பல வீச்சுகளில் முகத்துக்கு நேரே கை இருந்தது. களத்தின் நடுவட்டத்துக்குப் பக்கத்திலிருந்துகூட எறிந்தார். பேக் லைன் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்ததோ அதையே ஒருவர் எடுத்துக்கொண்டு ஊரையே சாப்பிட்டார். மறுபக்கம், தொடர் முழுக்கச் சரியாக எறியாமல் இருந்த கைல் கை, முற்பாதியில் கணுக்கால் மடங்கியும் திரும்பி வந்து, 25 புள்ளிகள் எடுத்தார். ஜெரோம் 24.

பர்டூ 70-67. மீதி 5.9 நொடிகள். மூன்று புள்ளி எறிய விடக்கூடாதென்று பர்டூ வேண்டுமென்றே ஜெரோமை பவுல் செய்தது. பவுலுக்கு ஈடாக, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சுதான் ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே. இரண்டாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. டியாகிடே கூட்டத்துக்கு நடுவே எம்பி விரல்நுனியால் தட்டினார். பந்து நடுக்கோட்டைத் தாண்டி வர்ஜீனியாவின் சொந்தப் பக்கத்துக்கே உருண்டு போனது. கிளார்க் அதைத் துரத்திப் பிடித்துத் திரும்பினார். ஜெரோம் பக்கத்தில் நின்று கை காட்டுகிறார். கைல் கையும் பந்து கேட்கிறார். கிளார்க் இருவருக்கும் கொடுக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது அடி தூரத்தில், வளையத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்ற டியாகிடேவுக்கு நேராக ஒரு பாஸ். டியாகிடே வாங்கிய வேகத்திலேயே எறிந்தார். மணி அடித்தபோது பந்து காற்றில். 70-70. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75.

தோற்ற அணியைச் சேர்ந்த எட்வர்ட்ஸுக்கே அந்த மண்டலத்தின் சிறந்த வீரர் விருது போனது. அது நியாயமும்கூட.

அந்தப் பாஸை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலாண்டு மாணவர், சில நொடிகள், இரண்டு மூத்த வீரர்கள் பந்து கேட்கிறார்கள். அவர்களில் யாருக்குக் கொடுத்திருந்தாலும் குறை சொல்ல ஆளில்லை. தூரத்திலிருந்து ஒரு அவசர வீச்சு, அநேகமாகத் தோல்வி. கிளார்க் சரியான மூன்றாவது வழியைக் கண்டார். பந்து தெறித்து அங்கே போனது அதிர்ஷ்டம். அந்தப் பார்வை அதிர்ஷ்டம் இல்லை.

மினியாபொலிஸ்

கடைசி நான்கு அணிகள் மோதியது மினியாபொலிஸ் நகரில். அரையிறுதி ஆபர்னோடு, ஏப்ரல் 6. ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது வர்ஜீனியா 57-47. அங்கிருந்து ஆபர்ன் தொடர்ச்சியாக 14 புள்ளிகள் எடுத்து 61-57. கைல் கை மூலையிலிருந்து ஒரு மூன்று புள்ளி போட்டார், 61-60. ஆபர்ன் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றை மட்டும் போட்டது, 62-60. ஜெரோம் பந்தோடு ஓடி வரும்போது பந்து அவர் காலில் பட்டு விலகியது. இரண்டு கையால் எடுத்து மறுபடி தட்டினார். தட்டிக்கொண்டு வந்த பந்தைக் கையில் எடுத்த பிறகு மறுபடி தட்டக் கூடாது; விதிப்படி இது இரட்டை டிரிப்ளிங். பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும். நடுவர்கள் ஊதவில்லை. அந்தச் சமயத்தில் ஆபர்ன் வீரர் ஜெரோமின் சட்டையைப் பிடித்து இழுத்ததும் ஊதப்படவில்லை. கடைசியில் மூலையில் நின்ற கைல் கை எறியும்போது ஆபர்ன் வீரர் உடம்போடு மோதினார். மீதி 0.6 நொடி. மூன்று ஃப்ரீ த்ரோ.

அந்தக் கடைசி பவுல் சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரட்டை டிரிப்ளிங்கை விட்டது பிழை, அது வர்ஜீனியாவுக்குச் சாதகமான பிழை. இந்த அணியை நேசிக்கிறவர்கள் அதை மழுப்பக் கூடாது. ஆபர்ன் பயிற்சியாளர் புரூஸ் பேர்ல், ஒரு நடுவர் முடிவை வைத்து இந்த ஆட்டத்தை நினைவில் வைக்காதீர்கள் என்று சொன்னார். அந்த நிமிடத்தில் அப்படிப் பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கைல் கை சட்டையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். முதலாவது, இரண்டாவது உள்ளே. ஆபர்ன் டைம்-அவுட் கேட்டு அவரைக் காக்க வைத்தது. மூன்றாவதும் உள்ளே. 63-62. போடுவேன் என்று எனக்குத் தெரியும் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், பயந்துகொண்டுதான் நின்றேன் என்று பிறகு சொன்னார். தன் பதற்றத்தை ஓராண்டு முன்பே ஊரறியச் சொன்னவர், பயத்தோடேயே அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு இந்த சீசனில் மிகப் பிடித்த விஷயம்.

இறுதி ஆட்டம் டெக்சாஸ் டெக்குடன், 72,062 பேர் முன்னிலையில். இந்தியாவில் அப்போது ஏப்ரல் 9 காலை. இரண்டு அணிகளுமே அதுவரை இறுதிக்கு வந்ததே இல்லை. 1979-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. தற்காப்பில் டெக்சாஸ் டெக் நாட்டிலேயே முதலிடம். யாருக்கும் நூறு புள்ளி சேர்த்தே வராது என்கிற அளவுக்குப் பேசினார்கள். கடைசியில் வர்ஜீனியா 85, டெக்சாஸ் டெக் 77.

இது ஹன்டரின் ஆட்டம். முற்பாதியில் எட்டு எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது. மொத்தம் 27-இல் 22 புள்ளிகள் அதற்குப் பிறகு வந்தவை. 65-68 என்று பின்தங்கி, பன்னிரண்டு பதின்மூன்று நொடி இருக்கும்போது ஜெரோம் உள்ளே புகுந்து இழுத்தார், மூலையில் ஹன்டர் தனியாக நின்றார், மூன்று புள்ளி, 68-68. கடைசி நொடியில் ஜாரெட் கல்வர் எறிந்ததை ப்ராக்ஸ்டன் கீ தடுத்தார். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோக்களும் உள்ளே போயின. என்பிஏ அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் வரிசையில் போகப்போகிற கல்வரை ஹன்டர் காவல் காத்தார். கல்வர் 22 எறிந்து 5 மட்டுமே போட்டார். முந்தைய மார்ச்சில் கட்டுப்போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் இவர்.

அதிர்ஷ்டமா?

பதில் ஆமாம், பெரிய அளவில். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில், வழக்கமான நேரத்தின் கடைசி பதினைந்து நொடிக்குள் வர்ஜீனியா பின்தங்கியிருந்தது. அந்த மூன்றில் எது வேண்டுமானாலும் மறுபக்கம் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் பென்னட்டை "மார்ச்சில் ஜெயிக்கத் தெரியாதவர்" என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அணி அதே அணியாகத்தான் இருந்திருக்கும்: மூன்றே தோல்வி, தாக்குதலில் 2, தற்காப்பில் 5. ஒரு சீசனை அதன் கடைசி வீச்சை வைத்து மட்டும் அளப்பதில் இருக்கும் அநியாயம் இதுதான். 2018-இன் 31 வெற்றிகளையும் அந்த ஓரிரவை வைத்து அழித்ததும் இதே அநியாயம்.

ஆகவே, கோப்பையிலிருந்து பின்னோக்கிக் காரணம் தேடாமல், அந்தக் கோடையிலிருந்து முன்னோக்கிப் பார்க்கிறேன். பின்தங்கினால் மீளத் தெரியாத அணியாக இருந்தது. மீளத் தெரிந்த அணியாக ஆனது. கார்ட்னர்-வெப், பர்டூ, ஆபர்ன், டெக்சாஸ் டெக் நான்கிலும் பின்தங்கி மீண்டது. இதற்குத் தாக்குதல் மாற்றம் ஒரு காரணம், ஹன்டரின் மணிக்கட்டு ஒரு காரணம், தோல்வியைப் பற்றிப் பேசிப் பேசி அதன் விஷத்தை எடுத்தது ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, தோற்ற ஆட்கள் அதே அறையில் அடுத்த ஆண்டும் இருந்தது. கடைசி நொடிகளில் ஜெரோம் எங்கே புகுவார், ஹன்டர் எந்த மூலையில் நிற்பார் என்பது ஒரு மாதத்தில் வரும் பழக்கம் இல்லை.

பின்னால் வந்தவை

2019-இல் ஹன்டர் என்பிஏ தேர்வில் 4-ஆவது, ஜெரோம் 24-ஆவது, கைல் கை 55-ஆவது ஆளாகப் போனார்கள். பல்கலைக்கழகம் கொடுக்க வந்த சம்பள உயர்வை பென்னட் மறுத்துவிட்டு, அதை உதவியாளர்களுக்கும் அணிக்கும் கொடுக்கச் சொன்னார். 2020 தேசியத் தொடர் கொரோனாவால் ரத்தானது. 2021-இல் முதல் சுற்றிலேயே ஓஹாயோவிடம் 58-62 தோல்வி. 2023-இல் ஃபர்மனிடம் 67-68. அந்த ஆட்டத்தில் சில நொடிகளே இருக்க, முன்னணியில் இருந்தபோது, நெருக்கடியில் பந்தை உயரே வீசிப் பறிகொடுத்தவர் ஐந்தாம் ஆண்டில் இருந்த அதே கிஹெய் கிளார்க். பந்து எதிரணியிடம் போய், உடனே மூன்று புள்ளியாகத் திரும்பி வந்தது. அந்தப் பையனை அன்று திட்டியவர்கள் லூயிவில்லை மறந்துவிட்டார்கள்.

2021 முதல் விதிகள் மாறின. வீரர்கள் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம். பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வீரர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயம். பென்னட்டும் அதை நியாயம் என்றே சொன்னார். ஆனால் இன்றைய சூழலில் இந்த அணியை நடத்த நான் சரியான ஆள் இல்லை என்று சொல்லி, 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, 55 வயதில் ஓய்வு பெற்றார்.

இனி இப்படியொரு சீசன் வராது, தோற்ற அணி அடுத்த வாரமே கலைந்துவிடும் என்று அப்போது பலரும் எழுதினார்கள். நான் முழுதாக ஒப்பவில்லை. 2023 மார்ச் 17-இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16-ஆம் நிலை அணி 63-58 என்று ஒரு 1-ஆம் நிலை அணியை வீழ்த்தியது; ஆண்கள் பிரிவில் இரண்டாவது முறை. தோற்றது பர்டூ. அந்த ஆண்டு நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கிய சாக் எடி, எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்; போகவில்லை. முக்கிய ஆட்களில் பெரும்பாலானோர் அவரோடு திரும்பி வந்தார்கள். அடுத்த ஆண்டு பர்டூ இறுதி ஆட்டம் வரை போய், 60-75 என்று கனெக்டிகட்டிடம் தோற்றது.